ஷூவுக்குள் சிக்கிய மழை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றொரு மலைநாடு இருக்கிறது. அதில் பாரோடேல் ஒரு பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டில், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வீடுகளோடு சீத்வெயிட் என்ற சிற்றூர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் ஊர்களில் இதைவிட நனைந்த ஊர் கிடையாது. சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பது 1,400 சொச்சம்தான், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு கொட்டித் தீர்ந்துவிடும். சீத்வெயிட் மழைக்கு மாதக்கணக்கு எதுவும் இல்லை, ஆடியிலும் பெய்யும், தையிலும் பெய்யும். பக்கத்திலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவானது. பிரிட்டன் தீவு அதுவரை கண்டிராத அளவு.

இந்த மழைக்குள் மலையேறி சைக்கிள் ஓட்டவென்றே ஆட்கள் வருகிறார்கள். கெஸ்விக் ஊரில் கிளம்பி, ஆஷ்னெஸ் பாலத்தைத் தாண்டி மேலேறி, வாட்டெண்ட்லத் குளக்கரையில் மூச்சு வாங்கி, கல் உருளும் சரிவில் ராஸ்த்வெயிட்டுக்கு இறங்கி, காசில் கிராக் குன்றை ஒட்டித் திரும்பும் ஒரு சுற்று மவுண்டன் பைக் ஓட்டிகளிடையே பெயர் பெற்றது. 'பாரோடேல் பாஷ்' என்பார்கள். இங்கிலாந்தின் பழைய குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கும் உரிமை கொடுத்தது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். பாதையென்று பெயரே தவிர, மழைநாளில் பாதித் தூரம் ஓடையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வானத்திலிருந்து விழும் மழைக்கு மேல்சட்டை உண்டு. முன்சக்கரம் வாரியடிக்கும் நீர் நேராகப் பாய்வதோ பெடலில் இருக்கும் ஷூவின் மீது. வலைத்துணி வழியாக, லேஸ் கண்கள் வழியாக, கணுக்காலைச் சுற்றிய விளிம்பு வழியாக அது இறங்கும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை ஷூ என்றால் அடியில் பெடலைப் பிடிக்கும் உலோகத் துண்டான கிளீட்டின் துளை வழியாகவும் ஏறும். நீர்புகா ஷூ வாங்கியவர் நிலைமை இன்னும் மோசம். கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர், வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும்.

சுற்று முடிந்து விடுதிக்கு வந்து ஷூவைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தபோது எடுத்த எடையைக் கழித்தால், உள்ளே எவ்வளவு மழை இருக்கிறது என்று தெரியும். இது ஷூவுக்கு ஷூ மாறும். கணக்குக்காக ஒன்றுக்கு 200 கிராம், ஜோடிக்கு 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டம்ளர் தண்ணீர். நாளைக் காலை மறுபடி கிளம்புவதற்குள் இந்த இரண்டு டம்ளரையும் வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைப் பெரும்பாலானோர் தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள். முதலில் கையை நீட்டுவது ஹீட்டரை நோக்கி. கடைசியில் வரவேண்டிய பொருள் அது.

முதலில் ஷூவைப் பிரிப்போம். லேஸை முழுசாக உருவி, நாக்கை முன்னால் இழுத்து, இன்சோலைக் கழற்றி எடுத்தால் அடியில் ஒரு தையல் போட்ட துணித் தட்டு தெரியும். அதற்கும் கீழே நுரைத் தட்டு, அதன் கீழே ரப்பர் சோல். பக்கச் சுவர்களில் வெளியே செயற்கைத் தோல் அல்லது வலைத்துணி, உள்ளே லைனிங், இரண்டுக்கும் நடுவே மெத்தை. கணுக்காலைச் சுற்றியும் நாக்கிலும்தான் மெத்தை தடிமனாக இருக்கும். விரல் முனையில் கல் மோதினால் காக்க ஒரு கெட்டியான கவசம். கட்டைவிரலால் நாக்கை அழுத்தினால் நீர் பிதுங்கும், விட்டால் அதே நீரை உறிஞ்சிக்கொள்ளும். இந்தச் சின்னச் சோதனையிலேயே பாதி அறிவியல் இருக்கிறது. ஷூவில் உள்ள நீர் ஒரே நிலையில் இல்லை. கொஞ்சம் சும்மா தேங்கி நிற்கிறது, கவிழ்த்தால் கொட்டும். பெரும்பகுதி, நுரையின் கண்ணறைகளிலும் துணியின் இழைகளுக்கு நடுவிலும் நுண்புழை விசையால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. மிச்சம் இழைக்குள்ளேயே, மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலாவதைச் சாய்த்தே விரட்டலாம், இரண்டாவதைப் பிழியலாம், உறிஞ்சலாம். மூன்றாவது ஆவியாகத்தான் போகும்.

இந்த வரிசைக்குக் காரணம் ஆற்றல். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,450 ஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தது இதுதான். நம் 400 கிராமுக்கு மொத்தம் 980 கிலோஜூல், அதாவது கால் யூனிட்டுக்குச் சற்றே அதிகமான மின்சாரம். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெப்பம் முழுவதும் அறைக் காற்றிலிருந்து ஷூவுக்குள் மெதுவாகக் கசிந்து வரவேண்டும். மாறாக, ஒரு கிராமைத் துவாலையில் ஒற்றியெடுக்க உள்ளுறை வெப்பமே தேவையில்லை. திரவமாக வெளியேறும் ஒவ்வொரு கிராமும் இலவசம். அதனால்தான் காயவைப்பதன் முதல் பாடம் காயவைக்காமல் இருப்பது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: கழுவுவது. நனைந்த ஷூவை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். சேற்றில் உள்ள களிமண் துகள்கள் நீரை இறுகப் பிடித்துவைப்பவை, காய்ந்தால் வலைத்துணியின் கண்களை அடைத்துக் காற்றுப் போக்குவரத்தையே நிறுத்திவிடும். லேக் டிஸ்ட்ரிக்ட் பாதைகள் செம்மறிகளுக்கும் பாதைகள். சேற்றில் பாதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2008 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் பில்த் வெல்ஸில் நடந்த மவுண்டன் பைக் போட்டி ஒன்றில் சேறு தெறித்து வாய்க்குள் போனதால் ஏராளமானோருக்குக் கேம்பிலோபாக்டர் கிருமியின் வயிற்றுப்போக்கு வந்தது. ஷூவைக் கழுவிய கையோடு சாப்பிட உட்காராதீர்கள். மென்மையான பிரஷ், குளிர்ந்த நீர் போதும். அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி வேண்டாம். அது சேற்றை நுரைக்குள் ஏற்றிவிடும்.

பிறகு பிழிவது. இன்சோலையும் லேஸையும் துவாலையில் சுருட்டி அதன் மேல் ஏறி நின்றால் பெரும்பகுதி நீர் துவாலைக்கு மாறிவிடும். சலவை இயந்திரம் இருந்தால் அதன் சுழற்சி இன்னும் வலுவானது. நிமிடத்துக்கு 1,200 சுற்று, உருளையின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்றால், விளிம்பில் ஒட்டிய துணி உணரும் விசை புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு. கையால் எத்தனை முறுக்கினாலும் இது வராது. இன்சோலையும் லேஸையும் தாராளமாக அதில் போடலாம். ஷூவையே போடலாமா? கிளீட்டைக் கழற்றி, தலையணை உறைக்குள் இரண்டு துவாலையோடு கட்டி, சுழற்சி மட்டும் ஓடவிட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. சொந்த இயந்திரம் என்றால் உங்கள் துணிச்சலுக்கு விடுகிறேன், விடுதி இயந்திரம் என்றால் வேண்டாம்.

அடுத்து செய்தித்தாள். இணையம் வந்து அச்சுத்தாள் குறைந்த பிறகும் சைக்கிள் ஓட்டிகளிடம் இதன் மவுசு குறையவில்லை, காரணத்தோடுதான். செய்தித்தாள் பெரும்பாலும் இயந்திரத்தால் அரைத்த மரக்கூழில் செய்வது. மேலே பளபளப்புப் பூச்சு கிடையாது, இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் ஏராளம். செல்லுலோஸ் இழை நீரை விரும்புவது. நுரையின் கண்ணறை பெரிது, தாளின் இடைவெளி அதைவிடச் சிறிது; சிறிய இடைவெளியின் நுண்புழை இழுவை அதிகம் என்பதால், இரண்டும் ஒட்டியிருந்தால் நீர் நுரையைவிட்டுத் தாளுக்கு நடக்கும். இது ஆவியாக அல்ல, திரவமாகவே நடக்கும் இடமாற்றம். அதனால் உள்ளுறை வெப்பச் செலவு இல்லை. வாரப்பத்திரிகையின் வழவழப்பான தாள் இதற்கு உதவாது. அதன் மேல் களிமண்ணோ சுண்ணாம்போ பூசியிருப்பார்கள்.

செய்தித்தாள் வைத்தியத்தில் எல்லோரும் தவறவிடுவது ஒன்றுதான். தாளைத் திணித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். தாளுக்கும் நுரைக்கும் ஈரம் சமநிலைக்கு வர அதிக நேரம் ஆகாது. அதற்குப் பிறகு அந்தத் தாள், ஷூவின் வாயை அடைத்த ஈர மூடி. முதல் தாளை அரை மணிக்குள் மாற்ற வேண்டும். அடுத்ததை ஒரு மணியில். தாள் இனிச் சும்மா ஈரமாக மட்டும் வருகிறது, நனைந்து வரவில்லை என்றால் அதன் வேலை முடிந்தது. எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து காற்றின் வேலை.

காற்று எப்படி உலர்த்துகிறது என்ற விதியை எழுதியவர், வியப்பாக, இதே நனைந்த மலைநாட்டுக்காரர். ஜான் டால்ட்டன் 1766-இல் காக்கர்மவுத் ஊருக்குப் பக்கத்தில் ஈகிள்ஸ்ஃபீல்டு கிராமத்தில், ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். அணுக்கொள்கைக்காக நாம் அவர் பெயரைப் படிக்கிறோம். ஆனால் வாழ்நாள் முழுக்க அவரை விடாமல் பிடித்திருந்தது வானிலை. 1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844-இல் இறப்பதற்கு முதல் நாள் வரை எழுதினார். விடுமுறை கிடைத்தால் 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலைக்கு ஏறுவார். இன்று அதே மலையில் சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறி ஓட்டி இறங்குகிறார்கள். டால்ட்டன் 1801-இல் மான்செஸ்டரில் வாசித்து மறு ஆண்டு அச்சான கட்டுரைகளில் ஒன்று ஆவியாதலைப் பற்றியது. சின்னப் பாத்திரத்தில் நீர் வைத்து, எடை குறைவதைத் தராசில் பார்த்துக் கண்டுபிடித்தார். ஈரப் பரப்பை ஒட்டிய ஆவியழுத்தத்துக்கும் சுற்றுக் காற்றில் ஏற்கனவே உள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதற்கேற்ற வேகத்தில் நீர் ஆவியாகும். காற்று வீசினால் அந்த வேகம் கூடும்.

ஷூக்காரருக்கு இது மூன்று பிடிகளைக் கொடுக்கிறது. நீரைச் சூடாக்கலாம், காற்றை உலர்வாக்கலாம், காற்றை நகர்த்தலாம். மூன்றில் ஷூவுக்கு அதிகம் தேவைப்படுவது கடைசிப் பிடி. ஏனென்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

ஷூவின் வாய் 50 சதுர சென்டிமீட்டர், வாயிலிருந்து விரல் முனைக்கு 20 சென்டிமீட்டர். உள்ளே 20 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று. கன மீட்டருக்கு 17 கிராம் நீராவி. வெளியே அறைக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம், அதாவது 8.6 கிராம். காற்று துளியும் அசையவில்லை, நீராவி மூலக்கூறுகள் தாமாக விரவி மட்டுமே வெளியேற வேண்டும் என்று கொள்வோம். விடை: ஒரு நாளைக்கு அரை கிராம்கூடத் தேறாது. 200 கிராம் தீர ஓராண்டுக்கு மேலாகும்! நிஜத்தில் அப்படி ஆவதில்லை. வலைத்துணி வழியாகவும் ஈரம் போகிறது, அறையில் கதவு திறக்கிறது, ஆள் நடக்கிறார், காற்று கொஞ்சமாவது கலங்குகிறது. ஆனாலும் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் விரல் முனை மட்டும் இரண்டு மூன்று நாள் சில்லென்று இருப்பதற்கு இந்த அரை கிராம்தான் காரணம். விரவலை நம்பிப் பயனில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல ஈர ஷூவும் குளிர்கிறது. ஆவியாகும் நீர் தன் உள்ளுறை வெப்பத்தை ஷூவிடமிருந்தும் உள்ளிருக்கும் காற்றிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. 20 டிகிரி அறையில், 50 சதவீத ஈரப்பதத்தில், நன்றாக ஆவியாகும் ஈரப் பரப்பு 14 டிகிரி வரை இறங்கலாம். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது என்பது உண்மைதான்; நீர் மூலக்கூறு நைட்ரஜனைவிட எடை குறைந்தது. ஆனால் இங்கே அந்த லேசு ஒரு சதவீதத்தில் சிறு பின்னம். குளிர்ச்சி தரும் கனமோ இரண்டு சதவீதம். ஆகவே உள்ளே உருவாகும் ஈரக் காற்று கனமாகி ஷூவின் அடியிலேயே படுத்துக்கொள்கிறது, மேலே திறந்த வாய் இருந்தும் ஏறி வருவதில்லை. ஷூவைக் கவிழ்த்து மாட்டினால் அதே கனம் நமக்கு வேலை செய்கிறது. குளிர்ந்த ஈரக் காற்று தானே வழிந்து கீழிறங்க, அறைக் காற்று உள்ளே ஏறும். கவிழ்ப்பது என்றால் தரையில் குப்புற வைப்பது அல்ல. வாய் அடைபடக் கூடாது. மலை விடுதிகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்குச்சிகளைப் பார்த்திருக்கலாம். பூட்ஸைத் தலைகீழாகச் செருகத்தான் அவை.

இதையும்விடச் சிறந்தது விசிறி. பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, ஒரு அட்டைப்பெட்டி, இரண்டு துண்டுக் குழாய் இருந்தால் போதும். குழாய் முனை விரல் பகுதி வரை போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வாயருகே ஊதினால் வாய்தான் காயும். 20 டிகிரி, 50 சதவீதக் காற்று ஒரு கன மீட்டர் ஷூவுக்குள் போய் நன்றாக ஈரம் ஏறி வந்தால் ஏறத்தாழ 3 கிராம் நீரோடு வரும். மணிக்கு 5 கன மீட்டர் காற்று உள்ளே சுற்றி வந்தால் 15 கிராம். இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் விடிந்த சற்று நேரத்தில் 200 கிராம் கணக்கு முடியும். பாதியை ஏற்கனவே பிழிந்தும் உறிஞ்சியும் எடுத்திருந்தால் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த நீர் எங்கே போகிறது? அறைக்குள். மூன்றுக்கு மூன்று மீட்டர் குளியலறை, உயரம் 2.4 மீட்டர், 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அதன் மொத்தக் காற்றும் இனிமேல் ஏற்கக்கூடியது 150 கிராம் நீராவி மட்டுமே. நம் ஜோடியில் 400 இருக்கிறது. கூடவே கையுறை, கால்சட்டை, மழைச்சட்டை, நண்பனின் சாமான்கள். கதவைச் சாத்தி ஹீட்டரைப் போட்டு வைக்கும் விடுதி அறையில் காலையில் எடுக்கும் ஷூ, வெதுவெதுப்பான ஈர ஷூவாக இருப்பது இதனால்தான். ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர் உங்கள் ஷூவிலிருந்து போனது.

அங்கே செய்ய வேண்டியது, கேட்டால் கிறுக்குத்தனம்போல இருக்கும்: வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறப்பது. குளிர்கால லேக் டிஸ்ட்ரிக்ட் காற்று 5 டிகிரியில், 95 சதவீத ஈரப்பதத்தில் இருந்தாலும், அதில் உள்ள நீராவி கன மீட்டருக்கு ஆறரை கிராம்தான். குளிர்ந்த காற்றால் அதற்கு மேல் தாங்க முடியாது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் ஒப்பு ஈரப்பதம் 35 சதவீதத்தைச் சுற்றி இறங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே 'நனைந்த' காற்று, ஹீட்டரைத் தாண்டியதும் உலர்ந்த காற்று. விரலளவு திறப்பு போதும். நம் ஊர் மழைக்காலத்தில் இந்த வித்தை பலிக்காது. 27 டிகிரி, 90 சதவீதக் காற்றில் ஏற்கனவே 23 கிராம் நீராவி இருக்கும், அதைச் சூடாக்கவும் நம்மிடம் ஹீட்டர் இல்லை. இங்கே விசிறிதான் கதி, ஏ.சி. அறை இருந்தால் இன்னும் நல்லது, அது குளிரோடு ஈரத்தையும் வடித்துக் குழாய் வழியே வெளியே விடுகிறது.

இங்கிலாந்தின் இளைஞர் விடுதிச் சங்கம் 1930-இல் தொடங்கியது. நடைபயணிகளும் சைக்கிள்காரர்களும் தங்கும் அதன் விடுதிகளில் உலர்த்தும் அறை என்று தனியாக ஒன்று இருக்கும். அறைக்குள் நுழையும்போதே ஈரக் கம்பளி, ரப்பர், பழைய வியர்வை எல்லாம் சேர்ந்து முகத்தில் அறையும். நல்ல உலர்த்தும் அறைக்கும் மோசமானதற்கும் வித்தியாசம் ஹீட்டரின் சூட்டில் இல்லை, ஈரத்தை வெளியேற்றும் வழி உண்டா என்பதில். சில இடங்களில் வெளியேற்று விசிறி இருக்கும். சில இடங்களில் ஈரம் நீக்கும் இயந்திரம். அதன் உள்ளே குளிர்ந்த உலோகச் சுருள் மீது நீராவி படிந்து நீராகி வாளியில் சொட்டும். அழகு என்னவென்றால், நீராவி நீராகும்போது ஷூவிடமிருந்து பிடுங்கிய உள்ளுறை வெப்பம் முழுவதையும் திருப்பித் தந்துவிடும், இயந்திரம் அதை மறுபடி அறைக்குள் ஊதும். அந்த அறையில் மட்டும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. திறந்தால் மழைநாட்டின் காற்று முழுவதையும் அந்த வாளியில் பிழிய முயன்றதாகும்.

வெப்பத்தை நான் ஒதுக்கவில்லை. அதே 50 சதவீத அறைக் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கி ஷூவுக்குள் அனுப்பினால் ஒரு கன மீட்டர் சுமந்து வரும் நீர் 3 கிராமிலிருந்து 9 கிராமாகிறது. மும்மடங்கு! கடையில் விற்கும் ஷூ உலர்த்திகள் இளஞ்சூட்டோடு நிறுத்திக்கொள்வது சரியான இடத்தில்தான். கையை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஷூவைச் செய்த வேலையைக் கலைக்கத் தொடங்குகிறோம். ஆம்பூரானாலும் வியட்நாமானாலும் தொழிற்சாலையில் சோல் ஒட்டும் முறை ஏறத்தாழ ஒன்றே. பாலியூரித்தேன் பசையைப் பூசிக் காயவிட்டு, 60 டிகிரியை ஒட்டிச் சூடுகாட்டி அந்தப் பசையை மறுபடி இளக வைத்து, அழுத்தி ஒட்டுவார்கள். கணப்புத் தீயின் முன் ஷூவை நிறுத்துகிறவர் அதே சூட்டை அழுத்தம் இல்லாமல் கொடுக்கிறார். விளிம்பில் சோல் வாய் பிளக்கும். அடியிலுள்ள நுரையும் அந்தச் சூட்டில் இளகி, எந்த வடிவத்தில் சாய்த்து வைத்தோமோ அந்த வடிவத்துக்கு வந்துவிடும். ஹேர் டிரையரின் வாயில் வரும் காற்று இதைவிடச் சூடானது. தள்ளிப் பிடிக்க முடியாதவர் தொடாமலிருப்பது நல்லது.

தோல் ஷூ என்றால் கதை கொஞ்சம் வேறு. தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு வடிவம் அதற்கு உண்டு என்று 1954-55 ஆண்டுகளில் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ் கதிரில் பார்த்த கொலாஜன், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்தது. அது அவர்கள் கைக்கு வந்தது சென்னையிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழியாக. நனைந்த பச்சைத் தோலை 60, 65 டிகிரிக்குச் சூடாக்கினால் இந்தக் கயிறு அவிழ்ந்து தோல் சுருண்டு சுருங்கும். பதனிடுவது என்பதே அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே முடிச்சுப் போடுவது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும், குரோம் உப்பில் பதனிட்டது நூறையும் தாண்டும். அதனால் இன்றைய தோல் ஷூ ரேடியேட்டர் மேல் சுருங்கிப் போகாது. விறைத்துப் போகும், அவ்வளவே. நீர் வேகமாக வெளியேற, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகும். மறுநாள் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கடைசிக் கட்டம் இழுத்தடிக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தாமஸ் ஷெர்வுட் 1929-இல் திடப்பொருள்கள் காய்வதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். சோப்போ களிமண்ணோ காகிதக் கூழோ, ஈரம் நிறைந்த பொருள் முதலில் ஒரே சீரான வேகத்தில் காய்கிறது. அப்போது மேற்பரப்பு முழுக்க ஈரம், வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. ஓர் அளவுக்குக் கீழே ஈரம் இறங்கியதும் மேற்பரப்பு வறண்டு, உள்ளிருந்து நீர் வந்து சேர வேண்டியிருக்கிறது. வேகம் சரியத் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் விசிறியை இருமடங்காக்கினாலும் பெரிய பலன் இல்லை. தடிமன்தான் எஜமான். உள்ளே விரவலே வழி என்றால், மெத்தையின் தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. தட்டைப் பெடலுக்கான தடித்த மெத்தை ஷூக்கள், பந்தய வகை மெல்லிய ஷூக்களைப்போல் ஒரே இரவில் காயாததற்கு இதைவிட வேறு ரகசியம் இல்லை. அடுத்த ஜோடி வாங்கும்போது நாக்கின் தடிமனைக் கிள்ளிப் பாருங்கள்.

தொட்டுப் பார்த்துக் 'காய்ந்துவிட்டது' என்பவர் ஏமாறுவதும் இந்தக் கட்டத்தில்தான். விரல் தொடுவது வறண்ட லைனிங்கை. ஈரம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தராசு ஏமாறாது. உலர்ந்த எடையை இன்சோலின் அடியில் பேனாவால் எழுதிவைத்துவிட்டால், அதற்கு ஐந்து பத்து கிராம் அருகே வந்ததும் நிறுத்தலாம். இந்தக் கடைசி மிச்சத்துக்குச் சிலிக்கா ஜெல் உதவும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும் பொருள் அது. முதலிலேயே போட்டால் 400 கிராமுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். புது ஷூ பெட்டியில் வரும் ஒரு கிராம் பொட்டலத்தைச் சேர்த்துவைத்து அதில் போடுவது மனத்திருப்திக்கு மட்டும். அரிசி அதைவிடச் சோப்பளாங்கி. கடையில் வாங்கும் அரிசியிலேயே பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் ஈரம் உண்டு, இன்னும் கொஞ்சம்தான் ஏற்கும். சோறாக்கித் தின்பதே அதற்கு மரியாதை.

இத்தனை அவசரம் எதற்கு, இரண்டு நாளில் தானாகக் காயட்டுமே என்றால், அந்த இரண்டு நாளில் உள்ளே குடித்தனம் தொடங்கிவிடும். வியர்வைக்கு நாற்றமில்லை. காலின் தோலிலிருந்து வரும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஐசோவாலெரிக் அமிலமாக மாற்றும்போதுதான் மூக்கு சுளிக்கிறது. வெதுவெதுப்பு, ஈரம், இருட்டு, இறந்த தோல் செதில் என்று அவற்றுக்கு வேண்டிய அத்தனையும் ஷூவில் இருக்கிறது. காலில் வாழும் பிரெவிபாக்டீரியம் என்ற இனத்தின் நெருங்கிய உறவுதான் லிம்பர்கர் பாலாடைக்கட்டிக்கு அந்தப் பேர்போன வாடையைக் கொடுப்பது. மலேரியா பரப்பும் ஓர் ஆப்பிரிக்கக் கொசு மனிதப் பாதத்தைத் தேடுவதுபோலவே இந்தக் கட்டியையும் தேடி வருகிறது என்று காட்டியதற்காக பார்ட் நோல்ஸ் என்ற டச்சு ஆய்வாளருக்கும் அவர் சகாவுக்கும் 2006-இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு கொசுப்பொறி செய்யவும் உதவியது. காய்ந்த ஷூவில் இந்த உயிர்கள் சாவதில்லை, வேலையை நிறுத்திவைக்கின்றன. அடுத்த மழை வரை.

பெடலோடு பூட்டும் வகை ஷூவில் கடைசியாக ஒரு வேலை பாக்கியிருக்கும். ஷிமானோ 1990-இல் கொண்டுவந்த எஸ்பிடி முறையில், சோலின் அடியில் பதித்த சின்ன உலோகக் கிளீட்டை இரண்டு திருகுகள் பிடிக்கின்றன. அந்தக் குழியில் தேங்கும் நீர் எந்த விசிறிக்கும் எட்டாது, திருகின் மரையில் துரு பிடிக்கும். பல மழைச்சுற்றுகளுக்குப் பிறகு கிளீட் தேய்ந்து மாற்ற வேண்டிய நாளில் சாவி வழுக்கி, திருகின் தலை உருண்டைப்பட்டு, துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். காயவைக்கும்போதே கழற்றி, துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பழைய இடத்தின் அச்சைப் பார்த்துப் பொருத்தி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கிவிடலாம். முறுக்கு அளக்கும் சாவி இல்லாதவர் சின்ன ஆலன் சாவியால் கை வலிக்கும் முன் நிறுத்தினால் ஏறக்குறைய அந்த அளவுதான். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.